36 காசு, 2 பகடை: கூட்டமாகச் சேர்ந்த துகள்களைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

18 கிராம் தண்ணீர் என்பது நாலு டீஸ்பூன்கூட வராது. அதற்குள் 6.022 × 10²³ மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று எழுதிவைக்க யாராலும் முடியாது. ஆனாலும் அந்தத் தண்ணீர் எப்போது உறையும், எப்போது கொதிக்கும் என்று உறுதியாகச் சொல்லிவிடுகிறோம். தனித்தனியாக எதுவும் தெரியாமலே மொத்தத்தைப் பற்றித் துல்லியமாகப் பேசும் இந்தக் கலைக்குத்தான் புள்ளியியல் இயக்கவியல் என்று பெயர். அதன் இரண்டு கைகள் நிகழ்தகவும் சமச்சீரும்.

தண்டையார்பேட்டையில் மாலை நேரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளோடும் கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகளோடும் உட்கார்ந்து இதைப் பேசுவது என் வழக்கம். பெரும்பாலான புத்தகங்கள் முதல் பக்கத்திலேயே தொகையீட்டைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. ஆர்வத்தோடு வந்த பிள்ளைகள் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். அதனால் நான் வரிசையை மாற்றிச் சொல்லித் தருகிறேன். எந்தக் கணக்காக இருந்தாலும் முதல் கேள்வி இதுதான்: எதை எதோடு மாற்றினால் விதி மாறாமல் அப்படியே இருக்கிறது? அது தெரிந்தபின் எண்ணத் தொடங்குங்கள். தொகையீடு கடைசியில் வரட்டும்.

தேவையான பொருட்கள் கொஞ்சம்தான். ஒரே அளவில் 36 ஒரு ரூபாய்க் காசு, இரண்டு பகடை, சாக்பீஸ், ஒரு நோட்டு. பகடை பாரிமுனைப் பக்கம் ஃபேன்சி கடைகளில் கிடைக்கும். வீட்டில் லூடோ பெட்டி இருந்தால் அதிலேயே இருக்கும். காசின் தலைப் பக்கத்தில் மட்டும் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வையுங்கள். 36 காசையும் எட்ட நின்று பார்க்கும்போது எங்கே திட்டுத் திட்டாகச் சேர்ந்திருக்கிறது என்பது இந்தச் சிவப்பு இல்லாமல் கண்ணில் படாது. கணிதம் எவ்வளவு வேண்டும் என்றால், 11, 12ஆம் வகுப்புப் பாடத்தில் வரும் சேர்மானங்களும் நிகழ்தகவும் அடுக்குக்குறியும் போதும்.

முதல் படி: ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாத காசுகள்

4 காசைச் சுண்டுங்கள். பூவா தலையா என்று 16 விதமாக விழலாம். தலை ஒன்றுகூட இல்லாமல் 1 விதம், ஒரு தலையோடு 4, இரண்டோடு 6, மூன்றோடு 4, நாலும் தலையாக 1. ஏன் இவ்வளவு சுலபமாக எண்ண முடிந்தது? எந்தக் காசை எந்தக் காசோடு இடம் மாற்றினாலும் நிகழ்தகவு மாறவில்லை. அதனால் எது தலை என்று கேட்கவே தேவையில்லை. எத்தனை தலை என்று கேட்டால் போதும். 16 நிலைகள் 5 எண்களாகச் சுருங்கிவிட்டன. 100 காசு என்றால் 2-இன் அடுக்கு 100 நிலைகள், அவை வெறும் 101 எண்களாகச் சுருங்கும். சமச்சீர் செய்து தரும் முதல் உதவி இது.

அடுத்து ஏற்ற இறக்கம். 100 காசு சுண்டினால் தலை 50-ஐச் சுற்றி வரும், விலகல் 5 அளவில் இருக்கும். 10,000 காசு சுண்டினால் விலகல் 50. காசு நூறு மடங்கானால் விலகல் பத்து மடங்குதான் ஆகிறது. 10²² காசு என்று வைத்தால், விலகல் மொத்தத் தலைகளில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு. எந்தக் கருவியாலும் அளக்க முடியாத அளவு அது. வாயுவின் அழுத்தம் நொடிக்கு நொடி ஆடாமல் நிற்பதன் காரணம் இதுவே.

இங்கே ஒரு விஷயத்தை இப்போதே மனதில் போட்டுவையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். இடம் மாற்றினால் நிகழ்தகவு மாறாது என்பதும், காசுகள் ஒன்றை ஒன்று சாராதவை என்பதும் ஒன்றல்ல. ஒரு பையில் இரண்டு கோணல் காசுகள் இருக்கின்றன, ஒன்று பெரும்பாலும் தலை விழும், மற்றது பெரும்பாலும் பூ விழும். பார்க்காமல் ஒன்றை எடுத்து அதையே திரும்பத் திரும்பச் சுண்டுகிறீர்கள். விழுந்த வரிசையை எப்படிக் கலைத்துப் போட்டாலும் அதன் நிகழ்தகவு அதேதான். ஆனால் முதல் பத்தும் தலை என்றால் பதினோராவதும் தலையாக விழும் என்று நீங்களே பந்தயம் கட்டுவீர்கள். முடிவில்லாமல் நீளும் இப்படிப்பட்ட எந்த வரிசையும் இந்த மாதிரிக் காசுகளின் கலவையாகத்தான் இருக்க முடியும் என்று 1930களில் இத்தாலியக் கணித அறிஞர் புருனோ டி ஃபினெட்டி நிறுவினார். வெளியில் சமச்சீர் தெரியும்; உள்ளே ஒரு பக்கம் சாய்ந்த இரண்டு உலகங்கள் ஒளிந்திருக்கலாம்.

இரண்டாம் படி: பக்கத்துக் காசைப் பார்க்கும் காசு

இப்போது இடைவினையைக் கொண்டுவருவோம். 4 காசை வட்டமாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கத்து வீடு. பக்கத்தில் இருப்பதும் அதே முகம் என்றால் அந்த ஜோடியின் ஆற்றல் −1, வேறு முகம் என்றால் +1. ஆக, ஒரு ஜோடி முறைத்துக்கொண்டால் ஆற்றல் 2 கூடுகிறது.

ஆற்றல் கூடிய நிலை அரிதாக வர வேண்டும். எவ்வளவு அரிது என்பதை முடிவு செய்வது வெப்பநிலை. லுட்விக் போல்ட்ஸ்மான் காட்டிக்கொடுத்து, 1902இல் ஜோசையா வில்லார்ட் கிப்ஸ் முறைப்படுத்திய விதி இது: ஆற்றல் ஒவ்வொரு முறை ஒரே அளவு கூடும்போதும், நிகழ்தகவு ஒரே விகிதத்தில் பெருக்கப்பட்டுக் குறையும். நமக்குக் கையில் பகடை இருப்பதால் அந்த விகிதத்தை இப்படி வைத்துக்கொள்வோம்: ஆற்றல் 4 கூடினால் நிகழ்தகவு 6இல் 1 பங்கு. வெப்பநிலையை இங்கே டிகிரியில் அளக்கவில்லை. ஒரு ஜோடியின் ஆற்றலையே அலகாக வைத்து அளக்கிறோம். அந்த அலகில், 4-ஐ 6-இன் இயல் மடக்கையால் வகுத்தால் கிடைக்கும் 2.23 நம்முடைய வெப்பநிலை.

வட்டத்தில் 16 நிலைகளையும் எழுதிப் பார்க்கத் தேவையில்லை. வட்டத்தைச் சுழற்றினாலும், கண்ணாடியில் பார்த்தாலும், எல்லாப் பூவையும் தலையாக்கி எல்லாத் தலையையும் பூவாக்கினாலும் ஆற்றல் மாறாது. அதை வைத்துப் பிரித்தால் நாலே வகை: எல்லாம் ஒரே முகம் (2 நிலை), ஒன்று மட்டும் வேறு (8), பக்கத்துப் பக்கத்தில் இரண்டிரண்டு (4), ஒன்றுவிட்டு ஒன்று (2). முதல் வகையின் ஆற்றல் −4. நடுவில் உள்ள இரண்டு வகைக்கும் 0. கடைசிக்கு +4.

முதல் வகைக்கு எடை 1 என்று கொடுத்தால், நடுவில் உள்ளவற்றுக்கு 6இல் 1, கடைசிக்கு 36இல் 1. கூட்டுங்கள்: 2, அப்புறம் 12-ஐ 6-ஆல் வகுத்த 2, அப்புறம் 2-ஐ 36-ஆல் வகுத்த 18இல் 1. மொத்தம் 73-ஐ 18-ஆல் வகுத்தது. இந்த மொத்தத்துக்குத்தான் புத்தகங்களில் பகிர்வுச் சார்பு என்று பெயர் போட்டிருக்கும்; பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், வெறும் கூட்டுத்தொகைதான். எல்லாக் காசும் ஒரே முகமாக இருக்கும் நிகழ்தகவு 36-இன் கீழ் 73, அதாவது 49 சதவீதத்துக்குச் சற்று மேல் (73இல் 36 பங்கு). இடைவினை இல்லாதபோது இதுவே 12.5 சதவீதம்தான்.

இந்தக் கணக்கை நோட்டில் உங்கள் கையால் ஒரு தடவை போட்டே ஆக வேண்டும். இந்தப் பாடத்தில் பின்னால் வரும் எல்லாமே இதன் பெரிய வடிவங்கள்தான்.

மூன்றாம் படி: மொட்டை மாடியில் 6 × 6

தரையில் சாக்பீஸால் 6 வரிசை, 6 பத்தி கட்டம் போட்டு 36 காசையும் கலந்து வையுங்கள். ஒரு பகடை வரிசையைச் சொல்லும், மற்றது பத்தியைச் சொல்லும். உருட்டினால் ஒரு காசு மாட்டும். ஓரத்தில் இருக்கும் காசுக்கு எதிர் ஓரத்துக் காசு பக்கத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் செய்தால் எல்லாக் காசுக்கும் சரியாக நாலு பக்கத்து வீடு, எந்த இடத்துக்கும் தனிச் சலுகை இல்லை.

மாட்டிய காசின் முகத்தோடு பக்கத்து நாலில் எத்தனை முகம் ஒத்துப்போகிறது என்று எண்ணுங்கள். இரண்டோ அதற்குக் குறைவோ என்றால் காசைத் திருப்பிவிடுங்கள். மூன்று என்றால், திருப்ப 4 அலகு ஆற்றல் செலவு. ஒரு பகடையை உருட்டி 6 விழுந்தால் மட்டும் திருப்புங்கள். நாலும் ஒத்திருந்தால் செலவு 8; இரண்டு பகடையிலும் 6 விழ வேண்டும். இல்லையென்றால் காசு அப்படியே இருக்கட்டும், அதையும் ஓர் ஆட்டமாகவே கணக்கில் சேருங்கள். 36 ஆட்டம் ஒரு சுற்று. சுற்று முடிந்ததும் எத்தனை தலை என்று நோட்டில் குறியுங்கள்.

இந்த எளிய விதி ஏன் சரியான நிகழ்தகவைத் தருகிறது? குறைந்த ஆற்றல் நிலையிலிருந்து 4 அலகு மேலே ஏறும் கதவு 6இல் 1 தடவைதான் திறக்கிறது. இறங்கும் கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது. ஏறுவதும் இறங்குவதும் சமமாகும் நிலையில், மேல் நிலை வருவது கீழ் நிலை வருவதில் 6இல் 1 பங்காகத்தானே இருக்க முடியும்? போல்ட்ஸ்மான் சொன்ன எடை தானாக வந்துவிடுகிறது. 1953இல் நிகோலஸ் மெட்ரோபோலிஸ், அரியானா ரோசன்புளூத், மார்ஷல் ரோசன்புளூத், அகஸ்டா டெல்லர், எட்வர்ட் டெல்லர் ஆகிய ஐவரும் லாஸ் அலமோஸின் மேனியாக் கணினியில் இதே விதியைத்தான் ஓட்டினார்கள். நம்மிடம் மேனியாக் இல்லை, பகடை இருக்கிறது, விதி ஒன்றே.

இதே ஆட்டத்தை மூன்று வெப்பநிலையில் ஆடுங்கள். சூடான ஆட்டம்: மூன்று ஒத்தால் பகடையில் இரட்டைப்படை விழுந்தாலே போதும், நாலு ஒத்தால் இரண்டு பகடையும் இரட்டைப்படை (வெப்பநிலை 5.77). நடு ஆட்டம்: மேலே சொன்னது. குளிர்ந்த ஆட்டம்: மூன்று ஒத்தால் இரண்டு பகடையிலும் 6, நாலு ஒத்தால் அதே இரட்டை 6 தொடர்ந்து இரண்டு தடவை (வெப்பநிலை 1.12). சூட்டில் சிவப்புப் புள்ளிகள் சிதறியே கிடக்கும். குளிரில் சில சுற்றுகளிலேயே ஒரு முகம் மற்றதை விழுங்கிவிடும், அல்லது இரண்டும் பட்டையாகப் பிரிந்து நிற்கும். நடு ஆட்டம்தான் பார்க்கப் பார்க்க அலுக்காதது. பெரிய பெரிய திட்டுகள் உருவாகும், ஓரம் அரிக்கும், இரண்டாக உடையும், மறுபடி சேரும். இரண்டு பேராக ஆடுங்கள், ஒருவர் உருட்ட ஒருவர் திருப்ப. மாடிச் சுவரோரம் நின்று அவ்வப்போது மேலிருந்து பாருங்கள்.

நான்காம் படி: சமச்சீர் எங்கே போனது?

இந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள். என் கணக்கில் இந்தப் பாடத்தின் இதயமே இதுதான்.

நம் விதியில் பூவுக்கும் தலைக்கும் வித்தியாசமே இல்லை. 36 காசும் தலையாக இருக்கும் நிகழ்தகவும் 36 காசும் பூவாக இருக்கும் நிகழ்தகவும் ஒன்றே. அதனால் எந்த வெப்பநிலையிலும் சராசரியாகத் தலைகள் சரியாக 18. இதற்குக் கணக்கே தேவையில்லை. சமச்சீர் மட்டும் போதும். ஆனால் குளிர்ந்த ஆட்டத்தில் 18 என்ற எண் உங்கள் நோட்டில் அநேகமாக வராது. பெரும்பாலும் 36 வரும், எப்போதாவது 35 வரும், அல்லது 0, 1 வரும். சராசரி சொல்வது ஒன்று, கண்ணால் பார்ப்பது இன்னொன்று. டி ஃபினெட்டியின் கோணல் காசுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

நிஜ உலகில் இதற்குச் சாட்சி இரும்பு. காசிமேடு, ராயபுரம் பக்கம் படகுகளுக்கு இரும்பு வேலை செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. அனுபவமுள்ள கைகாரர் ஒருவரிடம் கேட்டு, தள்ளி நின்று பாருங்கள். போல்ட் ஒன்று உலையில் நன்றாகச் சிவந்திருக்கும்போது, நீளக் கம்பியின் நுனியில் கட்டிய காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் அது கண்டுகொள்ளாது. சிவப்பு மங்கி இருண்டு வரும்போது திடீரென்று இழுக்கத் தொடங்கும். இரும்புக்கு இந்த எல்லை 770 டிகிரி செல்சியஸ்; கியூரி வெப்பநிலை என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். எல்லைக்கு மேலே இரும்பணுக்களின் குட்டிக் காந்தங்கள் எல்லாத் திசைக்கும் சமமாக நடந்துகொள்கின்றன. கீழே வந்ததும் அண்டை அணுக்கள் சேர்ந்து ஏதாவது ஒரு திசையைப் பிடித்துக்கொள்கின்றன. விதியில் எந்தத் திசைக்கும் முன்னுரிமை இல்லை, விளைவில் இருக்கிறது.

இந்தக் காசு மாதிரியை 1920இல் வில்ஹெல்ம் லென்ஸ் முன்வைத்தார். அவருடைய மாணவர் எர்ன்ஸ்ட் ஈசிங் காசுகளை ஒரே வரிசையாக வைத்துக் கணக்குப் போட்டு, 1925இல் வெளியிட்டார். வரிசையில் காந்தமாவது நடக்கவே நடக்காது என்பதே அவருக்குக் கிடைத்த விடை. ஏன் என்று நம் வட்டத்தை வைத்தே பார்க்கலாம். 4 காசு வட்டத்தில் எல்லாம் ஒரே முகமாக இருக்கும் நிகழ்தகவு 49 சதவீதம். அதே வெப்பநிலையில் 6 காசு என்றால் 25.5 சதவீதம், 8 காசு என்றால் 12.9. இரண்டு காசு சேர்க்கச் சேர்க்க ஏறக்குறையப் பாதியாகிறது. வரிசையில் ஒரு பெரிய துண்டையே புரட்டிப்போட, அதன் இரு முனைகளில் இரண்டு ஜோடிகள் முறைத்துக்கொண்டால் போதும். செலவு எப்போதும் அதே 4 அலகு. ஆனால் எங்கே வெட்டலாம் என்பதற்கான வழிகள் வரிசை நீள நீளப் பெருகிக்கொண்டே போகின்றன. ஆற்றல் ஒரு பக்கம், எண்ணிக்கை மறுபக்கம். வரிசையில் எண்ணிக்கைதான் ஜெயிக்கும்.

தரையில் பரப்பி வைத்தால் கதை மாறும் என்று 1936இல் ருடால்ஃப் பியர்ல்ஸ் காட்டினார். அவருடைய வாதத்தைக் குளிர்ந்த ஆட்டத்துக்குப் போட்டுப் பார்ப்போம். மிகப் பெரிய கட்டம். ஓரத்தில் எல்லாக் காசையும் தலையாக ஒட்டிவிட்டோம். நட்ட நடுவில் இருக்கும் காசு பூவாக இருக்க என்ன வாய்ப்பு? அது பூ என்றால் அதைச் சுற்றி, ஒரு பக்கம் பூவும் மறுபக்கம் தலையுமாக, மூடிய வேலி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். வேலியின் ஒவ்வோர் அலகு நீளத்துக்கும் ஒரு ஜோடி முறைக்கிறது. குளிர்ந்த ஆட்டத்தில் ஆற்றல் 4 கூடினால் 36இல் 1 என்பதால், ஆற்றல் 2 கூடினால் 6இல் 1. ஆக, வேலி ஓர் அலகு நீண்டால் நிகழ்தகவு 6இல் 1 பங்காகிறது. இன்னொரு பக்கம், வேலி போடும் வழிகளை எண்ணுவோம். ஒவ்வொரு திருப்பத்திலும் நேராக, இடமாக, வலமாக என்று அதிகபட்சம் 3 வழி. ஆக ஓர் அலகு நீண்டால் வழிகள் 3 மடங்கு, வாய்ப்பு 6இல் 1, பெருக்கினால் பாதி. நீள வேலிகள் பாதி பாதியாகத் தேய்ந்துவிடுகின்றன. வேலி நடுக் காசிலிருந்து எவ்வளவு தள்ளித் தொடங்கலாம் என்பதையும் சேர்த்து, நீளம் 4, 6, 8 என்று கூட்டிக்கொண்டே போனால் மொத்தம் 100இல் 7-ஐத் தாண்டாது.

கட்டம் எவ்வளவு பெரிதானாலும் இந்த 7 மாறாது என்பதைக் கவனியுங்கள். ஓரம் கோடிக் கணக்கான காசு தள்ளி இருந்தாலும், ஓரத்தில் வைத்த தலை நடுவரை தெரிகிறது. ஓரத்தில் பூவை ஒட்டினால் நடுவிலும் பூ. ஒரே விதி, இரண்டு உலகங்கள். சமச்சீர் காணாமல் போய்விடவில்லை. பூ உலகத்துக்கும் தலை உலகத்துக்கும் நடுவே நின்று, ஒன்றை மற்றதாக மாற்றிக்காட்டும் வேலையைச் செய்கிறது.

உங்கள் 6 × 6 கட்டத்தில் தலை உலகம் சில நேரம் பூ உலகமாகப் புரண்டுவிடும். அதில் தவறு எதுவும் இல்லை. நடுவே ஒரு வேலி முழு அகலத்துக்கும் நகர்ந்து போக வேண்டும், அகலம் 6 என்றால் அது நடக்கும். அகலம் கூடக் கூட காத்திருக்கும் நேரம் அடுக்குக்குறி வேகத்தில் ஏறும். ஓர் ஆணியின் அளவுக்குப் போனால் பிரபஞ்சத்தின் வயதும் போதாது.

அந்த எல்லை எங்கே இருக்கிறது?

சூட்டுக்கும் குளிருக்கும் நடுவே எல்லை ஒன்று இருக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அதைச் சரியாகக் கண்டுபிடித்ததும் சமச்சீர் வழியாகத்தான். 1941இல் ஹென்ட்ரிக் கிராமர்ஸ், கிரிகரி வானியர் இருவரும், குளிர்ந்த கட்டத்தில் வேலிகளை எண்ணும் கணக்கும் சூடான கட்டத்தில் மூடிய வளையங்களை எண்ணும் கணக்கும் ஒன்றே என்று கண்டார்கள். ஒவ்வொரு குளிர் வெப்பநிலைக்கும் ஒரு சூடான ஜோடி உண்டு. எல்லை ஒன்றுதான் என்றால், அது தனக்குத் தானே ஜோடியாக இருக்கும் இடமாகத்தான் இருக்க வேண்டும். அந்த இடத்தில் நம் பகடை விகிதம் சரியாக 3 − 2√2, அதாவது 0.1716. வெப்பநிலை 2.269. லார்ஸ் ஆன்சாகர் 1944இல் முழுக் கணக்கையும் தீர்த்து அதை உறுதிசெய்தார்.

பகடையில் 6 விழும் வாய்ப்பு 0.1667. எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்! லூடோப் பெட்டியில் இருக்கும் சாதாரணப் பகடை உங்களை அந்த எல்லைக்கு (மாறுநிலை வெப்பநிலை என்று அதற்குப் பெயர்) இரண்டு சதவீதத்துக்கும் குறைவான தூரத்தில், கீழ்ப் பக்கமாக, கொண்டுபோய் நிறுத்துகிறது. நடு ஆட்டத்தில் திட்டுகள் அப்படி அலைந்தது இதனால்தான். 1952இல் சென் நிங் யாங் வெளியிட்ட சூத்திரத்தில் 6இல் 1 என்று போட்டால் விடை அழகாக வருகிறது: தலைக்கும் பூவுக்கும் உள்ள வித்தியாசம் மொத்தத்தில் 0.28-இன் நான்காம் மூலம், அதாவது 0.727. முடிவில்லாத கட்டத்தில் இந்தப் பகடையோடு ஆடினால் 100 காசில் 86 ஒரே முகமாக நிற்கும். ஆனால் வெப்பநிலையை இரண்டு சதவீதம் கூட்டினால் அந்தச் சாய்வு முழுதும் போய்விடும்.

காசுக்குப் பதிலாகத் தரையில் எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய அம்புகளை வைத்தால், விலகல் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து பரவலாம், வேலிக்கு விலை குறைந்துவிடும். அப்போது சமதளத்தில் தனிச்சுழிக்கு மேலான எந்த வெப்பநிலையிலும் ஒரே திசையைப் பிடிக்க முடியாது என்று 1966இல் மெர்மினும் வாக்னரும் காட்டினார்கள். இதை இப்போதைக்குத் தெரிந்துவைத்தால் போதும்.

ஐந்தாம் படி: துகள் நகர்ந்தால்

இதுவரை காசு இருந்த இடத்திலேயே திரும்பியது. நகரும் துகளுக்கு இரண்டு செட் கேரம் காயின் வேண்டும். சிவப்பை ஒதுக்கிவிட்டால் 18 வெள்ளை, 18 கறுப்பு. 6 × 6 கட்டம் சரியாக நிறையும். தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் கேரம் மன்றம் இல்லாத தெருவைத் தேட வேண்டும், கேட்டால் பழைய காயின் கொடுப்பார்கள். இரண்டு பகடையில் ஓர் இடத்தை எடுங்கள், இன்னொரு உருட்டில் 1 முதல் 4 வரை ஒரு திசையை எடுங்கள் (5, 6 விழுந்தால் மறுபடி உருட்டுங்கள்). இரண்டு காயினும் வேறு நிறம் என்றால், ஒவ்வொன்றுக்கும் மீதி உள்ள மூன்று பக்கத்து வீடுகளில் எத்தனை தன் நிறம் என்று எண்ணிக் கூட்டுங்கள். கூட்டல் 3 வரை என்றால் இடம் மாற்றுங்கள். 3-க்கு மேல் எத்தனை கூடுதலோ அத்தனை தடவை தொடர்ந்து 6 விழுந்தால்தான் மாற்றலாம். நிறங்களின் எண்ணிக்கை மாறாததால் ஒன்று மற்றதை விழுங்க முடியாது. பிரிந்து நிற்கத்தான் முடியும். எண்ணெயும் தண்ணீரும் பிரிவதன் அடிப்படை மாதிரி இது.

இன்னும் எளிய இடைவினையும் உண்டு: ஓர் இடத்தில் ஒரு துகள்தான், முன்னால் காலி என்றால் ஒரு அடி நகரலாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்தை நோக்கி ஊர்ந்துபோகும் கன்டெய்னர் லாரி வரிசையைப் போல. வளையச் சாலையில் இந்த ஆட்டம் நீண்ட நேரம் ஓடியபின் எல்லா அடுக்குகளும் சம வாய்ப்புள்ளவை ஆகிவிடுகின்றன என்பது ஆச்சரியமான உண்மை. அதனால் நெரிசல் பாதி என்றால் ஓட்டம் பாதியின் பாதி, கால். லாரி நிரம்பிய பங்கையும் காலியான பங்கையும் பெருக்கினால் ஓட்டம் வருகிறது. லாரியையும் இடைவெளியையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்: லாரி முன்னால் போகும்போது இடைவெளி பின்னால் வருகிறது, விடை அதேதான். 1970இல் ஃபிராங்க் ஸ்பிட்சர் இந்த வகை ஆட்டங்களுக்குக் கணித அடித்தளம் போட்டார்.

இப்படித் தாவும் துகள்கள் கோடிக் கணக்கில் சேரும்போது அடர்த்தி எப்படிப் பரவும் என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவர் நம்ம ஊர்க்காரர். எஸ்.ஆர். சீனிவாச வரதன் 1940இல் சென்னையில் பிறந்தவர், மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்தவர், 2007இல் ஏபெல் பரிசு பெற்றவர். 1988இல் குவோ, பாபனிகொலாவ் இருவரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் கருவிப் பெட்டியில் இன்றும் இருக்கிறது. அவருடைய பெரும் பணி, அரிய நிகழ்ச்சிகள் எவ்வளவு அரியவை என்று அளப்பது. 100 காசில் 70 அல்லது அதற்கு மேல் தலை விழுவது ஏறக்குறைய 25,000த்தில் ஒரு தடவை. 1,000 காசில் 700 அல்லது அதற்கு மேல் விழுவது 10-இன் அடுக்கு மைனஸ் 35-க்கும் கீழே. விகிதம் ஒன்றுதான், காசு பெருகப் பெருக அடுக்குக்குறியில் தேய்கிறது. எவ்வளவு வேகத்தில் தேய்கிறது என்பதற்குப் பின்னால் நிற்பது போல்ட்ஸ்மானின் எண்ணிக்கையே.

இனி கணினி. கல்லூரி லேபோ பழைய மடிக்கணினியோ போதும். பைத்தானில் மூன்றாம் படியின் விதியை எழுத முப்பது வரிகூட ஆகாது. அப்புறம் நேரியல் இயற்கணிதத்தையும் மார்க்கோவ் சங்கிலியையும் (அடுத்த நிலை இப்போதைய நிலையை மட்டுமே சார்ந்திருக்கும் ஆட்டம்) படித்துவிட்டு, ஈசிங் வரிசைக்கு 2 × 2 அணியைப் போட்டுத் தீர்க்கப் பாருங்கள். அதற்கு மேல் ஆள் துணை வேண்டும் என்றால் 1962இல் தொடங்கிய, தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனமும், சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகமும் இருக்கின்றன. இரண்டும் நம் பக்கத்திலிருந்து ஊரின் மறுகோடி. ஆனாலும் ஒரு தடவை போய் அங்கே பலகையில் எழுதிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், தயங்காதீர்கள்.

நிரலை எழுதியதும் அது சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். முதலில் 10 காசை வட்டமாக வைத்து, 6இல் 1 என்ற விகிதத்தோடு ஓட்டுங்கள். வட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் இரண்டே பக்கத்து வீடு என்பதால், இரண்டும் ஒத்திருந்தால் மட்டும் பகடை வேண்டும். எல்லாக் காசும் ஒரே முகமாக இருந்த நேரம் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். இரண்டாம் படியின் முறையில் கையால் போட்டாலே விடை 6.5 என்று வந்துவிடும். நிரலிலும் அதுவே வந்தால் 6 × 6-க்குப் போங்கள், அங்கிருந்து 100 × 100-க்கு.